பேரிளம்பெண்ணுக்குப் பின்

தமிழ் நூலோர் பெண்ணின் வயதை ஏழு பருவங்களாக வகுத்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். உலா இலக்கியம் படித்தோர்க்கு இவை மனப்பாடம். பேதைக்கு வயது 5 முதல் 7 வரை. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வரை. அத்துடன் கணக்கு முடிந்துவிடுகிறது. நாற்பத்தோராவது வயதில் காலடி வைப்பவளுக்கு அந்தப் பட்டியலில் பெயரே இல்லை. தலைவன் உலா வரும் வீதியில் அவளும் நின்றிருப்பாள். பாடிய புலவர்களின் கண்ணில்தான் படவில்லை போலும்.

பெயரில்லாத அந்தப் பருவத்தில்தான் பெண்ணின் உடலில், பூப்புக்கு நிகரான இன்னொரு மாற்றம் நிகழ்கிறது. மாதவிடாய் நிற்கிறது. பூப்புக்கு ஊரறிந்த சடங்குகள் உண்டு. எங்கள் கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிலும் பெரிய பிள்ளையானவளுக்குத் தண்ணீர் வார்ப்பார்கள், பலகாரம் செய்வார்கள், உறவினர் வந்து பார்ப்பார்கள். நிற்பதற்கு எதுவும் இல்லை. "எனக்கு நின்றுவிட்டது" என்று தமக்கையின் காதில் ஒரு முறை சொல்வதோடு சரி. சிலர் அதையும் சொல்வதில்லை.

நான் இன்று எழுத வந்தது அந்தப் பருவத்தில் தலைமயிருக்கு, அதிலும் சுருட்டை முடிக்கு, என்ன நேர்கிறது என்பதைப் பற்றி. ('மயிர்' என்ற சொல்லைக் கண்டு தமிழ்நாட்டு வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் நாட்டில் அதற்கு இழுக்கு ஏதும் இல்லை.) கிழவிக்கு எதற்கு இந்தக் கூந்தல் ஆராய்ச்சி என்று எண்ணும் அன்பர்கள் சற்றுப் பொறுமையோடு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இது வெறும் அழகுக்குறிப்பு அன்று.

*

இறக்காமம் அம்பாறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே, கடற்கரையிலிருந்து உள்ளொதுங்கி, வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர். ஊரின் பெயரைச் சொன்னதும் அறிந்தவர்க்கு நினைவு வருவது குளம். அந்தக் குளத்து நீரில் தலை முழுகி வளர்ந்தவள் நான்.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே 'குடி' தாய்வழியில் வருகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். எனவே மூத்தம்மா, உம்மா, மகள் என்று மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே வளவில் வாழ்வது வழக்கம். எங்கள் வீட்டுச் சுருட்டை முடியும் வீட்டைப் போலவே தாய்வழிச் சீதனம் என்பார் மூத்தம்மா. தலைமயிரின் சுருளைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வருகின்றன என்பது வேறு விடயம்.

அசர்த் தொழுகைக்குப் பின் திண்ணையில் தலைவாரல் நடக்கும். மூத்தவர் இளையவரை முன்னால் இருத்திச் சிக்கெடுப்பார்; பேன் பார்ப்பார்; எண்ணெய் தடவிப் பின்னிவிடுவார். வெந்தயமும் செவ்வரத்தை இலையும் அரைத்துத் தேய்ப்பதும், கற்றாழைச் சோற்றைப் பிழிவதும், கையாந்தகரை போட்டு எண்ணெய் காய்ச்சுவதும் அங்கேதான் கைமாறின. அந்த வரிசையில் மூத்தம்மாவின் தலையை எவரும் வாரி நான் கண்டதில்லை. அவர் தம் தலைமயிரைத் தாமே ஒரு சிறு முடிச்சாக முடிந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக் கொள்வார். ஒரு வயதுக்குப் பிறகு பெண்ணின் தலையை மற்றவர் தொடுவது நின்றுவிடுகிறது என்பதை நான் பின்னாளில், என் முறை வந்தபோதுதான் எண்ணிப் பார்த்தேன்.

சுருட்டை முடிக்கு எங்கள் ஊரில் இருந்த மதிப்பைப் பற்றியும் ஒரு சொல். பழந்தமிழ் அதனை உயர்வாகவே பேசிற்று. கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றொரு பெயர். ஐந்து வகையாக ஒப்பனை செய்யப்படுவதால் வந்தது. அந்த ஐந்தில் சுருளும் ஒன்று. 'அளகம்' என்றாலே சுருண்ட கூந்தல்தான். 'சுருட்டை முடி சோறு போடும்' என்று தமிழ்நாட்டில் ஒரு பேச்சுவழக்கும் உண்டு. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த பட்டமோ 'காப்பிரி'. போர்த்துக்கேயர் காலந்தொட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்த மக்களைக் குறிக்கும் சொல் அது. புத்தளம் மாவட்டத்தின் சிரம்பியடியில் அச்சமூகத்தினர் இன்றும் வாழ்கின்றனர். ஒரு சமூகத்தின் பெயரை இன்னொரு பிள்ளையின் தலைக்கு வசைச்சொல்லாக்கிய அந்த வழக்கத்தில் இரு தரப்புக்கும் அவமதிப்பு இருந்தது. பின்னர் தொலைக்காட்சி வந்தது. ஷம்பூ விளம்பரங்களில் நீர்வீழ்ச்சி போல் விழும் நேர்முடி வந்தது. சுருட்டை என்பது திருத்தப்பட வேண்டிய ஒரு குறைபாடு என்ற எண்ணம் ஊரில் வேரூன்றியது.

*

கொழும்பில் நாளேடு ஒன்றில் நெடுங்காலம் பணிபுரிந்தேன். அதில் பல ஆண்டுகள் பெண்கள் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. வாரந்தோறும் கடிதங்கள் குவியும். முகப்பரு, பொடுகு, முடி உதிர்தல், நிறம். எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் பதினாறுக்கும் இருபத்தெட்டுக்கும் இடைப்பட்டோர். நாற்பத்தைந்தைக் கடந்த ஒருத்தியின் கடிதம் அரிதாக வரும். அதன் மேற்புறத்தில் 'பெயர், ஊர் வெளியிட வேண்டாம்' என்ற வேண்டுகோள் தடித்த எழுத்தில் இருக்கும். கடிதம் தலைமயிரைப் பற்றித் தொடங்கும். மூன்றாம் பந்தியில் தூக்கமின்மை வரும். நான்காம் பந்தியில் திடீரென உடல் கொதித்து வியர்ப்பது வரும். இறுதியில், 'இதெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையதா?' என்ற கேள்வி வரும்.

தொடர்புடையதுதான். ஆனால் அதனை அச்சில் சொல்வது எளிதாக இருக்கவில்லை. மருத்துவர் ஒருவர் எழுதித் தந்த கட்டுரையில் இருந்த 'மாதவிடாய்' என்ற சொல்லை, எனக்கு மேலிருந்த ஆசிரியர் 'பெண்களின் அந்த நாட்கள்' என்று மாற்றினார். 'மாதவிடாய் நிற்றல்' என்பது 'அந்த நாட்கள் முடிந்த பின்' என்று அச்சாயிற்று. படித்தவர்களுக்கு அது ஏதோ விடுமுறை முடிந்ததைப் போலத் தோன்றியிருக்கும்.

சொல்லில்லாத இடத்தில் நோய் எவ்வாறு ஒளிந்திருக்கும் என்பதை என் ராத்தாவிடம் கண்டேன். அவருக்கும் சுருட்டைதான், எங்கள் வீட்டிலேயே அடர்ந்தது அவருடையது. நாற்பத்தேழாவது வயதில் அது கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கியது. ஊரில் மூன்று விளக்கங்கள் கிடைத்தன. ஒருவர் கண்ணூறு என்றார். தண்ணீர் ஓதிக் கொடுக்கப்பட்டது. இன்னொருவர் கிணற்று நீரின் கோளாறு என்றார். மூன்றாமவர், வயது போனால் எல்லாருக்கும் உள்ளதுதானே என்றார். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ஓராண்டைத் தின்றன. அந்த ஆண்டில் ராத்தா நாலடி நடந்தாலே மூச்சு வாங்கினார். நோன்பு காலத்தில் ஒரு நாள் சமையலறையில் மயங்கி விழுந்தார். வைத்தியசாலையில் பரிசோதித்தபோது உடலில் இரத்தம் மிகவும் குறைந்திருந்தது. மாதவிடாய் நிற்பதற்கு முந்திய தடுமாற்றக் காலத்தில், மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் பெருக்காகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர் எவரிடமும் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் நடத்திய தங்கையிடமும் சொல்லவில்லை.

பெருக்குக்குச் சிகிச்சையும் இரும்புச்சத்து மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. முதலில் மூச்சு சீரானது. தலைமயிர் பல மாதங்கள் கழித்து, ஓரளவு திரும்பியது. ஆபத்தை முதலில் அறிவித்தது தலைமயிர்தான். அதை வெறும் அழகுப் பிரச்சினையாக எண்ணியதால் எவரும் செவிசாய்க்கவில்லை.

*

நடப்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவக் கட்டுரைகளைப் பல்லாண்டு செப்பனிட்டதால் வந்த அறிவு இது. நான் மருத்துவர் அல்லள்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கொள்கிறது. பெரும்பாலோர்க்கு இது ஐம்பதை ஒட்டிய வயதில் நிகழும். அதற்கு முந்திய சில ஆண்டுகள் தடுமாற்றக் காலம். தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில வாரங்கள் தளர்ந்து, ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்ந்து, பின் உதிர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே. ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் குறையும்போது வளரும் காலம் சுருங்குகிறது. உடலில் முன்பே இருந்த ஆண்ட்ரஜன் ஹோர்மோனின் கை ஓங்குகிறது. சில பெண்களுக்கு மயிர்க்கால்கள் சிறுத்து, புதிதாக முளைப்பது மெல்லியதாகிறது. வகிடு அகலமாகத் தெரிவது இதன் முதல் அடையாளம். 1977-இல் லூத்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் பெண்களின் இந்த மெலிவை மூன்று படிகளாக வகைப்படுத்தினார். ஆண்களைப் போல நெற்றி மேலேறாமல், உச்சி மெலிவதே இதன் இயல்பு.

சுருட்டைக்கு இதிலும் ஒரு தனிக்கதை. நேர்முடியின் வேர்க்குழி நேராகவும் சுருட்டையின் வேர்க்குழி வளைந்தும் இருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கி நுனிவரை இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தங்கி நின்றுவிடுவதால் நுனி எப்போதும் உலர்ந்தே கிடக்கும். வளைவுகளே முறியும் இடங்களும் ஆகும். வயது ஏற ஏற அந்த எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. ஆகவே இளமையில் வறண்டிருந்த முடி இப்போது வைக்கோலாகிறது. சுருளின் வடிவமே மாறவும் கூடும். எனக்கு நாற்பத்தொன்பதில் முன்னந்தலைச் சுருள்கள் தளர்ந்து அலைபோலாயின. பிடரியில் பழைய சுருட்டை அப்படியே நின்றது. ஒரே தலையில் இருவர் குடியிருப்பதைப் போல இருந்தது.

உதிர்வதெல்லாம் மாதவிடாய் நிற்பதால் வருவதன்று. டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், சத்திரசிகிச்சை, பெருந்துயர் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தலைமயிர் ஒருசேர உதிரும். 2020, 2021-இல் கொரோனா கண்ட பலருக்கும் இது நேர்ந்தது. பெரும்பாலும் தானே திரும்பிவிடும். இரும்புச்சத்துக் குறைவும் தைரொய்ட் கோளாறும் இதே வயதில் இதே வேடத்தில் வருவதுண்டு. இரத்தப் பரிசோதனை இன்றி வெறும் கண்ணால் இவற்றைப் பிரித்தறிய முடியாது.

*

இனி முக்காட்டின் கீழே நடப்பதைச் சொல்ல வேண்டும். என் சிறுபிராயத்தில் எங்கள் பெண்கள் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டனர். பின்னர் அபாயாவும் தலையை இறுகச் சுற்றும் ஹிஜாபும் வழக்காயின. அந்த உடையைப் பற்றி வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நானும் தலையை மூடுபவளே. மூடிய தலைக்கும் பராமரிப்பு வேண்டும் என்பதே என் பேச்சு.

குளித்த ஈரத்துடன் முடிந்து மேலே துணியைச் சுற்றினால் தலைத்தோல் பலமணி நேரம் ஈரமாகவே கிடக்கிறது. பொடுகும் நாற்றமும் கூடுகின்றன. கொண்டையை இறுக முடிந்து அதன்மேல் இறுக்கமான உள்தொப்பி அணிந்தால், நெற்றியோர மயிர் ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக் கழன்றுவிடுகிறது. நெடுங்காலம் இழுபட்ட வேர்கள் பின்னர் முளைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. 1994-இல் சிட்னியைச் சேர்ந்த கொசார்ட் என்ற தோல்நோய் மருத்துவர், மாதவிடாய் நின்ற பெண்களிடம் நெற்றியோரம் மெல்லப் பின்வாங்கும் ஒரு நோயை விவரித்தார். வேர்க்குழிகள் தழும்பாகிவிடுவதால் போன மயிர் திரும்பாது. தொடக்கத்தில் கண்டால் பரவுவதைத் தடுக்க முயலலாம். புருவம் உதிர்வது இதன் அறிகுறிகளுள் ஒன்று. நெற்றி எப்போதும் துணிக்குள் இருக்கும் பெண்ணுக்கு இது நேர்ந்தால் யார் காண்பது? கணவரும் காணாமல், தானும் கண்ணாடியில் உற்றுப் பாராமல் ஆண்டுகள் கழிந்துவிடலாம்.

மார்க்கம் இதில் மௌனமாக இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மாதவிடாய் அற்றுப்போன பெண்களைக் குர்ஆனின் 65-ஆவது அத்தியாயம் இத்தா பற்றிய சட்டத்தில் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. திருமண நாட்டம் அற்ற முதிய பெண்கள் அலங்காரத்தைக் காட்டாமல் மேலாடையைக் களைந்து வைப்பதில் குற்றமில்லை என்று 24-ஆவது அத்தியாயம் சலுகை தருகிறது. பேணிக்கொள்வது மேலானது என்றும் சேர்த்தே சொல்கிறது. கடமையான குளிப்புக்காகப் பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா அவர்கள் நபியவர்களிடம் நேரே கேட்டார்கள். தலையில் மூன்று கை நீர் ஊற்றிக்கொள்வதே போதும் என்ற விளக்கம் கிடைத்தது. முடி உள்ளவர் அதனைப் பேண வேண்டும் என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பெண் தயங்காமல் கேட்ட கேள்வியை, இன்றைய பெண் தன் ஊர் மருத்துவரிடம் கேட்கக் கூசுகிறாள். கூச்சம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று. ஊர் வழக்கத்திலிருந்து வந்தது.

*

என் தலையில் நான் கைக்கொள்ளும் முறையைக் கேட்போர் உளர். செலவு அதிகமில்லாத முறைதான்.

வாரத்தில் ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை மட்டுமே ஷம்பூ. அதுவும் நுரை குறைந்த மென்மையான வகை, தலைத்தோலுக்கு மட்டும். நுனிக்குக் கண்டிஷனர். முழுகுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தேங்காய் எண்ணெய் தடவுவேன். 2003-இல் இந்திய ஆய்வாளர்களான ரேலேயும் மொஹிலேயும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டனர். தேங்காய் எண்ணெய் மட்டுமே முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைத்தது என்று கண்டனர். மூத்தம்மா இதனை ஆய்வுக்கூடம் இன்றி அறிந்திருந்தார். எனினும் எண்ணெய் இருக்கும் முடியைக் காக்குமே தவிர, போன முடியை முளைப்பிக்காது. பொடுகு உள்ள தலைத்தோலில் எண்ணெயை ஊறப் போடுவது பொடுகுக்கே தீனி.

சுருட்டையை உலர்ந்த நிலையில் வாருவது முறிப்பதற்குச் சமம். கண்டிஷனர் பூசிய ஈர முடியில், விரலால் முதலிலும் அகன்ற பல் சீப்பால் பின்னரும், நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுப்பேன். துவாயால் தேய்ப்பதில்லை, பழைய பருத்திச் சாரன் துணியால் ஒற்றியெடுப்பேன். முழுதாக உலர்ந்த பின்னரே தலையை மூடுவேன். வெளியே போகும் நாளென்றால் முந்திய இரவே முழுகிவிடுவேன். ஹிஜாபின் உள்ளே வழுவழுப்பான சாட்டின் துணி, தலையணைக்கும் அதுவே. கொண்டை தளர்வாக, ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில். வீட்டில் இருக்கும்போது தலைக்குக் காற்றுப்பட விடுவது அவசியம்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னவர் முழுக்கத் தவறாகவும் சொல்லவில்லை. எங்கள் உலர்வலயக் கிணறுகளில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, சவர்க்காரம் நுரைக்காது, முடியில் வெண்படலம் தங்கிச் சொரசொரப்பாக்கும். ஒரு வாளி நீரில் அரைத் தேசிக்காய் பிழிந்து கடைசியாக ஊற்றி, பின் மழைநீரிலோ சாதாரண நீரிலோ அலசினால் வழுவழுப்பு மீளும். ஆனால் வேரோடு உதிர்வதற்கும் இடையில் முறிவதற்கும் வேறுபாடு உண்டு. உதிர்ந்த மயிரின் ஒரு முனையில் சிறு வெண்குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. தண்ணீரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

உணவில் முட்டை, மீன், பருப்பு, முருங்கை இலை. எங்கள் நாட்டில் சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடிப்பது வழக்கம். தேயிலை உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். கீரையில் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

கடைச்சரக்குகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். பயோட்டின் மாத்திரை விற்காத கடையில்லை. அச்சத்துக் குறைபாடு உள்ளவர்க்கன்றி மற்றவர்க்கு அதனால் முடி வளரும் என்பதற்குத் தக்க சான்றில்லை. மாறாக, தைரொய்ட் முதலிய இரத்தப் பரிசோதனை முடிவுகளை அது பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. மினொக்சிடில் என்பது இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து. உட்கொண்டவர்களுக்கு உடலெங்கும் மயிர் வளர்ந்ததைக் கண்டு தலைக்குப் பூசும் திரவமாக்கினர். பெண்களுக்கு அமெரிக்காவில் 1991-இல் அனுமதி கிடைத்தது. பலருக்குப் பயன் தருகிறது. பலன் தெரிய நான்கு மாதங்களாவது செல்லும். தொடக்கத்தில் உதிர்வு சற்றுக் கூடும். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

மகளின் கல்யாணத்துக்கு என்று சுருட்டையை இரசாயனத்தால் நேராக்கிக்கொள்ளும் தாய்மார் பெருகிவிட்டனர். மெலிந்த முடி அதைத் தாங்காது. 33,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. முடி நேராக்கும் இரசாயனங்களை ஆண்டுக்கு நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியோரிடம் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறது. இதுவே காரணம் என்று நிறுவிவிடவில்லை. ஆயினும் ஒரு நாள் புகைப்படத்துக்காக ஏற்க வேண்டிய அபாயமா என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம். நரைக்குப் பூசும் 'கருப்பு மருதோன்றி' பலவற்றில் மருதோன்றியைவிட ஒவ்வாமை தரும் செயற்கைச் சாயமே மிகுதி. சுத்தமான மருதோன்றி செந்நிறம்தான் தரும். அதுவும் முடியைச் சற்று உலர்த்தும்.

சுருட்டை முடியைப் பற்றிய இழிவு எங்கள் ஊரோடு நிற்பதன்று. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தம் இயல்பான முடியோடு பள்ளிக்கும் வேலைக்கும் செல்லும் உரிமையைச் சட்டமாக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியா 2019-இல் முதலில் அச்சட்டத்தை இயற்றியது. கனடாவிலும் இலண்டனிலும் வளரும் எங்கள் பேத்திமார் தம் சுருளை அப்படியே விட்டுக்கொண்டு நடப்பதைக் காண எனக்கு மகிழ்ச்சி.

*

நாற்பதைக் கடந்த சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. மாதத்தில் ஒரு நாள் வெளிச்சத்தில் நின்று வகிட்டையும் நெற்றியோரத்தையும் புருவத்தையும் பாருங்கள். வகிடு அகன்றால், முடி ஒருசேர உதிர்ந்தால், தலைத்தோலில் எரிவோ தழும்போ கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிடாய் பெருக்காகப் போனால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நின்று ஓராண்டு கழித்துத் துளி இரத்தம் கண்டாலும் தாமதிக்காதீர்கள். அது தலைமயிரைவிடப் பெரிய விடயம்.

இலங்கையில் 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக்குகள் இயங்கி வருகின்றன. 35, 45 வயதுப் பெண்களைக் குறிப்பாக அழைத்து இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் கிளினிக் பக்கம் தலைவைத்துப் படுக்காத பெண்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளைத் தவறவிடாதவள், தன் நாற்பத்தைந்தாம் வயதின் அழைப்பைத் தவறவிடுகிறாள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது கர்ப்பிணியை மட்டும் முன்னால் அனுப்பாமல், நடுவயதுப் பெண்களும் முன்னால் வந்து பேசுவது நல்லது.

வீட்டுக்குள்ளும் ஒன்று செய்யலாம். தாயும் மகளும் ஒரே வளவில் வாழும் வாய்ப்பு உலகில் பலருக்கு இல்லை, எங்களுக்கு இருக்கிறது. மகள்மாரே, உங்கள் தலையைப் பதினைந்து ஆண்டுகள் வாரிவிட்ட உம்மாவின் தலையை ஒரு நாள் நீங்கள் வாரிப் பாருங்கள். அவருடைய உச்சந்தலையை அவரால் பார்க்க முடியாது. உங்களால் முடியும்.